பந்தெறியும் கை

சென்ற ஆண்டு மூன்று திங்கள் நாம் அமெரிக்க நாட்டிலே நமது மகள் இல்லத்தில் தங்கியிருந்தோம். பன்னிரண்டு வயதுடைய நமது பேரன் ஆங்குப் பேஸ்பால் ஆட்டத்தில் பந்தெறிபவன். மாலைதோறும் கொல்லைப்புறத்தில் அவன் எறிய, தோற்கையுறை அணிந்து பிடிப்பது நமது வேலையாயிற்று. இளமையில் தோட்டத்து மாமரங்களை நோக்கிக் கல்லெறிந்த ஞானத்தையன்றி இவ்விஷயத்தில் நமக்கு வேறு ஞானமில்லை. எனினும், பந்து உறையில் விழும் ஓசை கேட்டு மகிழ்ந்து, "இன்னும் பத்து எறி" என்று நாள்தோறும் தூண்டிவந்தோம்.

ஒரு மாதம் சென்றபின், முழங்கையின் உட்புறம் வலிக்கிறதென்று பையன் சொன்னான். கண்ணேறு பட்டதென்று அவன் பாட்டி மிளகாய் சுற்ற முற்பட்டாள். நாம் அவளை எள்ளி நகையாடிவிட்டு, "வளரும் பிள்ளைக்கு இஃது இயல்பு" என்று தீர்ப்புக் கூறினோம். இரண்டில் எது பெரிய மூடத்தனம் என்பது பின்னரே விளங்கிற்று.

மகள் அவனை டாக்டரிடம் அழைத்துச் சென்றபோது நாமும் உடன் சென்றோம். சிறுவர் ஆட்டச் சங்க விதிப்படி அவ்வயதினர் ஒரு நாளில் 85 பந்துகளுக்கு மேல் எறியலாகாது. 66 அல்லது அதற்கு மேல் எறிந்தால் நான்கு நாள் ஓய்வு வேண்டும். ஆட்டத்தில் இவ்விதி வழுவாது காக்கப்பட்டதென்று மகள் உறுதி கூறினாள். "வீட்டில் எத்தனை எறிந்தான்?" என்றார் டாக்டர். மகள் நம்மைப் பார்த்தாள். நாம் தரையைப் பார்த்தோம்.

சிறுவர்க்கு முழங்கை எலும்பு வளருமிடத்தில் குருத்து இன்னும் முற்றியிராது. ஒவ்வொரு எறியிலும் அது இழுபடும். ஓய்வின்றி எறிந்தால் புண்படாது என்செய்யும்?

நிற்க. எறிதல் கையின் தொழிலன்று என்பதையும் அங்கேதான் அறிந்தோம். பின்காலின் உந்துதல் இடுப்புக்கு ஏறி, இடுப்பின் சுழற்சி மார்புக்கும் தோளுக்கும் சென்று, கடைசியாகவே கைக்கு வருகிறது. மண்வெட்டி பிடித்த நம்மவர்க்கு இது புதிதன்று: இடுப்பை வளைத்து வெட்டுபவன் மாலைவரை வெட்டுவான், கையால் மட்டும் வெட்டுபவன் நண்பகலுக்குள் ஓய்வான்.

இதற்குச் சான்றாக விளங்குபவர் டிஸ்ஸி டீன். 1934ஆம் ஆண்டில் 30 ஆட்டங்களில் வென்ற வலக்கை வீரர். 1937இல் மட்டையிலிருந்து பாய்ந்த பந்து அவரது இடக்கால் விரலை முறித்தது. எலும்பு கூடுமுன்பே ஆட வந்தவர், ஊன்றும் கால் நோகாதிருக்க எறியும் முறையை மாற்றினார். முறிந்தது கால்விரல், கெட்டதோ கை. பழைய வேகம் மீளவேயில்லை.

டாமி ஜான் என்பவர்க்கு 1974இல் முழங்கை நார் அறுந்தது. டாக்டர் பிராங்க் ஜோப் மறுகையிலிருந்து நாரெடுத்து இணைத்தார். 1975 முழுதும் ஆடாதிருந்து, 1976இல் மீண்டவர் 1989வரை எறிந்தார். அச்சிகிச்சை இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. அவர் கதையை எடுத்துக்கொண்டு, எதுவும் செப்பனிடக் கூடியதே என்று சில பெற்றோர் எண்ணுவதுதான் வியப்பு. ஓர் ஆண்டு காலத்து நோவும் பொறுமையும் அவர்கள் கணக்கில் வருவதில்லை போலும்!

நமது பேரனுக்குக் கத்தி வேண்டியிருக்கவில்லை. ஆறு வாரம் பந்தைத் தொடலாகாது என்றார் டாக்டர். அந்த ஆறு வாரமும் அவன் நம்மோடு பேசியது குறைவு. எறியச் சொன்னவர் நாமே என்று ஒருமுறையேனும் அவன் சொல்லியிருந்தால் நமக்கு ஆறுதலாயிருந்திருக்கும், சொல்லவில்லை.

நாம் புறப்படுவதற்கு முந்திய நாள், சிறு தொலைவிலிருந்து மெதுவாக இருபது பந்துகள் எறிய அனுமதி கிடைத்தது. நாம் உறை அணிந்து நின்றோம். அவன் உரக்க எண்ணிக்கொண்டே எறிந்தான். இருபது முடிந்தது. பழக்கத்தால் நமது கை மறுபடியும் நீண்டுவிட்டது.

"அவ்வளவுதான், தாத்தா" என்று சொல்லி, அவன் பந்தைச் சட்டைப்பையிற் போட்டுக்கொண்டு உள்ளே சென்றான்.