கண்ணின் அளவும் தோளின் அளவும்

ஒரு பொருளை வாங்கப் புறப்படும்போது அதன் விலையைக் கேட்கிறோம்; தரத்தை விசாரிக்கிறோம். அளவு என்று வரும்போது மட்டும் நம் மனம் முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடுகிறது. கையில் காசு இருந்தால் பெரியது, இல்லாவிட்டால் சிறியது என்பதே அந்தத் தீர்ப்பு. ஆனால் கடலை நம்பி வாழும் மக்கள் இப்படி எண்ணுவதில்லை. நெத்திலிக்குப் போகிறவர் சிறு கண் வலையை எடுக்கிறார். வஞ்சிரத்துக்குப் போகிறவர் பெருங்கண் வலையை எடுக்கிறார். இரண்டில் எது உயர்ந்த வலை என்று பொம்மையார்பாளையத்துக் கரையில் நின்று கேட்டுப் பாருங்கள். கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். வலைக்கண்ணின் அளவை மீன் தீர்மானிக்கிறது. வாங்குபவரின் வசதி அன்று.

இந்த எளிய பாடம் நமக்குத் தேவைப்பட்டது ஒரு மடிக்கணினியை வாங்கும்போது.

நம் பங்கு இல்லத்தை ஒட்டிய சிறு கூடத்தில் மாலை நேரப் படிப்பகம் ஒன்று நடக்கிறது. சமய வேறுபாடின்றிக் குப்பத்துப் பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் பலர் அதனால் பயன் பெற்றனர். பல மீனவர் வீடுகளுக்குள் முதன்முதலாக நுழைந்த கணினி அதுதான். பின்னர் அத்திட்டம் நின்றுபோயிற்று. 2025-26ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டு, 2026 ஜனவரியில் வழங்கும் பணியும் தொடங்கியது. மகிழ்ச்சிதான். ஆயினும் பள்ளியில் பயிலும் பிள்ளைகள் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றார்கள். ஆகவே படிப்பகத்துக்கென ஒரு மடிக்கணினி வாங்குவது என்று ஊரார் கூடி முடிவு செய்தார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம். அந்த வறண்ட நாட்களுக்கு முன்பே பத்தும் இருபதுமாகச் சேர்ந்த பணம் அது. அதில் ஒரு ரூபாயும் வீணாகலாகாது.

கடைக்காரர் இரண்டைக் காட்டினார். ஒன்று பதினான்கு அங்குலத் திரை, மற்றொன்று 15.6 அங்குலத் திரை. விலையில் பெரிய வேறுபாடு இல்லை. கருத்தில்தான் வேறுபாடு எழுந்தது. பிள்ளைகளுக்குக் கணக்கியல் சொல்லித்தரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார்; அறுபதைக் கடந்தவர். “சாமி, எழுத்து தெரியணும். பெருசையே வாங்கிடுவோம்” என்றார். பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் பெண்பிள்ளை ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “பெருசு நல்லாத்தான் இருக்கும் சாமி. ஆனா மொற வச்சி வீட்டுக்கு எடுத்துட்டுப் போவணுமே, எங்க வீட்டுல எங்க வெக்கிறது?”

ஒருவர் கண்ணைப் பற்றிப் பேசினார். மற்றவர் தோளையும் வீட்டையும் பற்றிப் பேசினார். இருவர் சொன்னதும் மெய். இருவருக்கும் பொதுவான பணம் ஒன்றே. எனவே முடிவை ஒத்திவைத்துவிட்டு, பொருளைப் பற்றிக் கொஞ்சம் அறிந்துகொள்ள முற்பட்டோம்.

திரையின் அளவு என்று கடையில் சொல்வது அகலமும் அன்று, உயரமும் அன்று. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளக்கும் மூலைவிட்டம். ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல்தானே வேறுபாடு என்று தோன்றும். 16-க்கு 9 என்ற விகிதத்தில் அமைந்த பதினான்கு அங்குலத் திரை ஏறத்தாழ 31 செ.மீ. அகலமும் 17.4 செ.மீ. உயரமும் உடையது. 15.6 அங்குலத் திரையோ 34.5 செ.மீ. அகலமும் 19.4 செ.மீ. உயரமும் உடையது. பெருக்கிப் பார்த்தால் பெரிய திரையின் பரப்பு சுமார் 24 விழுக்காடு கூடுதல். மூலைவிட்டம் மறைத்து வைப்பதைப் பரப்பு காட்டிவிடுகிறது.

ஆனால் பரப்பும் முழுக்கதையைச் சொல்வதில்லை. திரையில் தெரிவன எல்லாம் நுண்ணிய படப்புள்ளிகளால் ஆனவை. இவ்விரு அளவுகளிலும் பரவலாகக் கிடைப்பது அகலவாக்கில் 1920, உயரவாக்கில் 1080 புள்ளிகள் கொண்ட திரை. மொத்தம் ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள். புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றே என்றால், அமைப்பை மாற்றாதவரை இரு திரைகளிலும் தெரிகின்ற வரிகளும் ஒன்றே. பெரிய திரையில் ஒவ்வோர் எழுத்தும் பதினொரு விழுக்காடு பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். சிறிய திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளவும் வழி உண்டு. அப்போது எழுத்து பெரிதாகும், வரிகள் குறையும். மலிவான சில கணினிகளில் 1366-க்கு 768 புள்ளிகளே இருக்கின்றன; மொத்தம் பத்து லட்சம்தான். அப்படிப்பட்ட பெரிய திரையை விட 20 லட்சம் புள்ளிகள் கொண்ட சிறிய திரை தெளிவாகவும் நிறைவாகவும் காட்டும். அளவைக் கேட்பவர் புள்ளியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

புள்ளி என்றதும் தமிழ் எழுத்தின் நினைவு வருகிறது. ஓலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில் மெய்யெழுத்தின் தலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியின்றியே எழுதினார்கள். படிப்பவர் இடமறிந்து ஊகித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாமல் குழம்பிய நிலையை நீக்க, நெடிலுக்குக் கொம்பைச் சுழித்துக் காட்டும் வழியை வீரமாமுனிவர் கொண்டுவந்தார். எழுத்தில் ஒரு சிறு சுழி பொருளைக் காக்கிறது. இன்றைய மங்கலான திரையில், தேய்ந்த கண்களுக்கு, அந்தப் புள்ளியும் சுழியும் மீண்டும் மறைகின்றன. ஆகவே பெரியவர் கேட்டது ஆடம்பரம் அன்று.

எழுத்தின் அளவுக்கும் இடத்துக்கும் நடக்கும் இந்த இழுபறி புதியதும் அன்று. தரங்கம்பாடியில் சீகன்பால்க் தமிழில் அச்சிட முனைந்தபோது, செருமனியின் ஆல்லே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துருக்கள் பெரியனவாக இருந்தன. படிக்க நன்றாயிருந்தாலும் அவை தாளை விழுங்கின. தாளோ அரிதான பொருள். எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். அதற்கான ஈயத்தில் ஒரு பகுதி, பாலாடைக்கட்டியைப் பொதிந்து வந்த ஈய உறைகளை உருக்கி எடுக்கப்பட்டது என்பர். 1715-இல் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. பெரிய எழுத்துக்காகக் காத்திருந்தால் நூல் தாமதப்பட்டிருக்கும். எழுத்தை அளவின்றிச் சிறுக்க வைத்திருந்தால் படிப்பார் இல்லாமற் போயிருக்கும். நடுவே ஓர் அளவை அவர்கள் கண்டார்கள்.

கணினி செய்வோரும் இந்த நடுவைத் தேடி அலைந்திருக்கிறார்கள். 1981-இல் வந்த ஆஸ்பார்ன் என்னும் கணினி கையில் தூக்கிச் செல்லத்தக்கது என்று விற்கப்பட்டது. அதன் எடை ஏறத்தாழ 11 கிலோ. திரையோ ஐந்தே அங்குலம். 2007-இல் ஏசஸ் நிறுவனம் ஏழு அங்குலத் திரையுடன் ஒரு குட்டி மடிக்கணினியைக் கொண்டுவந்தது. தூக்க எளிது, ஆனால் ஒரு பக்கத்தைப் படிக்க மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்த வேண்டியிருந்தது. விரைவிலேயே அவ்வகைக் கணினிகள் பத்து அங்குலத்துக்கு வளர்ந்தன.

இனிப் பெரியவரின் கண்ணுக்கு வருவோம். நாற்பதைக் கடந்தால் விழியின் ஆடி நெகிழ்வை இழக்கத் தொடங்குகிறது. அருகில் உள்ளது மங்குகிறது. வெள்ளெழுத்து என்று நம் முன்னோர் அழகாகப் பெயரிட்டார்கள். ஐம்பதுகளில் இருக்கும் நமக்கும் அது பழகிய விருந்தாளி. இரட்டைப் பார்வைக் கண்ணாடி அணிந்தவர், கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் பார்ப்பதற்காக முகவாயை உயர்த்துகிறார். மாலையில் கழுத்து வலிக்கிறது. திரையை இன்னும் ஒன்றரை அங்குலம் பெரிதாக்கினால் அந்த வலி தீராது. திரை இருக்கும் தொலைவுக்கென்று தனிக் கண்ணாடி அணிவதும், திரையைத் தக்க உயரத்தில் தக்க தொலைவில் வைப்பதுமே மருந்து. மடிக்கணினியிலோ திரையும் விசைப்பலகையும் ஒட்டிப் பிறந்தவை. ஒன்றைத் தள்ளி வைத்தால் மற்றதும் தள்ளிப் போகிறது.

பெண்பிள்ளையின் தோளுக்கும் வருவோம். பெரிய திரை கொண்ட கணினி பொதுவாக எடையும் கூடியது. பாட நூல்களோடு அதையும் பையிலிட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடந்து நடக்க வேண்டும். கடல் அரித்துக்கொண்டே வரும் இந்தக் கரையில் வீடுகள் சிறியவை; மேசை என்பது பல வீடுகளில் இல்லை. மடியிலும் பாயிலும் வைத்துத்தான் படிப்பு. திரை பெரிதானால் அதற்கு ஒளியூட்டும் மின்சாரமும் கூடும். அதே மின்கலம் சற்று முன்னதாகவே தீரும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது இருளில் இருந்த மக்களுக்கு மின்கலத்தின் அருமையைச் சொல்லித் தரவேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு. மரக்காணத்து உப்பளங்களில் வெள்ளையாய் விளையும் அதே உப்பு, காற்றில் ஈரமாய் வந்து நம் வீட்டுக் கம்பிகளைத் தின்கிறது. கணினி சிறிதாயினும் பெரிதாயினும் உறையிட்டு மூடி வைக்காவிட்டால் அதையும் தின்னும்.

பெரிய கணினிகள் பலவற்றில் விசைப்பலகையின் வலப்புறம் எண்களுக்கெனத் தனிப் பகுதி இருக்கிறது. கணக்கியலுக்கு அது நல்ல துணை. ஆனால் அது இடத்தைப் பிடிப்பதால் எழுத்து விசைகள் இடப்புறம் ஒதுங்குகின்றன. நேரே அமர்ந்து தமிழ் தட்டச்சு செய்பவர் தம் உடலையே சற்று இடப்புறம் திருப்ப வேண்டியிருக்கிறது. ஒரு வசதி மற்றொன்றின் தோளில்தான் ஏறி நிற்கிறது.

இவ்வளவும் பேசிய பிறகு, எண்களை நம்பாத நம் மக்களுக்காகப் பழைய அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, இரு அளவுகளிலும் இரு செவ்வகங்களை வெட்டினோம். ஒரு வாரம் அவை படிப்பகத்திலும் பிள்ளைகளின் பைகளிலும் வீடுகளிலும் சுற்றி வந்தன. பெரிய அட்டை சில பைகளுக்குள் நுழையவே இல்லை. கடையின் கண்ணாடிப் பேழைக்குள் சிறுத்துத் தெரிந்தது, வீட்டின் திண்ணையில் வைத்தபோது போதுமானதாகத் தெரிந்தது. வாங்க நினைக்கும் எவரும் இந்தச் சோதனையைச் செலவின்றிச் செய்து பார்க்கலாம்.

அதற்குள் மூன்றாம் வழி ஒன்றும் தென்பட்டது. பதினான்கு அங்குலத்திலேயே 16-க்கு 10 என்ற விகிதத்தில் அமைந்த திரைகள் உண்டு. அவற்றின் உயரம் 18.8 செ.மீ.; பெரிய திரையின் உயரத்தைவிட அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகவே குறைவு. படிப்புக்கும் எழுத்துக்கும் அகலத்தைக் காட்டிலும் உயரமே தேவை. ஒரு பக்கத்தில் எத்தனை வரி தெரிகிறது என்பதை உயரமே முடிவு செய்கிறது. அதையே தேர்ந்தோம், ஒளியை எதிரொளிக்காத மங்கல் பூச்சுத் திரையாகப் பார்த்து வாங்கினோம், கடற்கரை வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால்.

பெரியவரின் கண்? புதுச்சேரியில் ஓர் அலுவலகம் மாற்றிப் போட்ட 22 அங்குலத் தனித் திரை ஒன்று நன்கொடையாகக் கிடைத்தது. படிப்பகத்தின் மேசைமேல் அது நிலையாக நிற்கிறது. மாலையில் மடிக்கணினியை ஒரு கம்பியால் அதனோடு இணைத்தால் பெரிய எழுத்து, போதிய தொலைவு. எண்களுடன் கூடிய தனி விசைப்பலகையும் ஒன்று. இரவில் கம்பியைக் கழற்றினால், முறைப்படி ஒரு பிள்ளையின் பையில் ஏறி வீட்டுக்குப் போகிறது.

எல்லாருக்கும் இப்படித் தனித் திரை வாய்க்காது என்பது உண்மை. அப்போது எதைத் தேர்வது என்று கேட்பவர்க்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். ஓரிடத்தில் வைத்து வேலை செய்பவரும், கணக்கேடுகளின் பல நிரல்களை ஒருசேரப் பார்க்க வேண்டியவரும், கண் தளர்ந்தவரும் பெரிய திரையை வாங்கட்டும். அது வீண் செலவன்று. நாள்தோறும் சுமப்பவரும், மேசையில்லா வீட்டில் படிப்பவரும் சிறியதை வாங்கட்டும், அது குறைவன்று. பொதுவில் வாங்கும்போது இன்னொரு கேள்வியும் சேர்கிறது: விட்டுக்கொடுத்தால் வேறு வழி உள்ளவர் யார், வேறு வழியே இல்லாதவர் யார்? தளர்ந்த கண்ணுக்குக் கண்ணாடி உண்டு, எழுத்தைப் பெரிதாக்கும் வசதி உண்டு. சிறிய வீட்டைப் பெரிதாக்கும் வசதி எந்தக் கணினியிலும் இல்லை.

இதை முதலில் எடுத்துச் சொன்னவர் நாம் அல்லர், அந்தப் பெரியவரே. அட்டைகள் சுற்றி வந்த வாரத்தின் இறுதியில் பெரிய அட்டையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, “புள்ளைங்க தூக்குறதையே வாங்குங்க சாமி” என்றார். தனித் திரை கிடைக்கும் என்று அப்போது அவருக்குத் தெரியாது.