என் கடை, என் இஷ்டம்?

நேத்து சாயங்காலம் பாரிவாக்கம் டீக்கடை பெஞ்சில் ஒரு தம்பியோடு வாக்குவாதம். "கடை அவனோடது. யாருக்கு விக்கணும்னு அவன்தானே முடிவு பண்ணணும்? ஆள் பாத்து விக்கிறவன் நஷ்டப்பட்டுத் தானா திருந்துவாண்ணே" என்றான். பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1962-லேயே ஏறக்குறைய இதைத்தான் எழுதினார்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் சாதி பார்த்து இரட்டைக் குவளை வைத்ததால் நொடித்துப்போன டீக்கடையை நான் பார்த்ததில்லை. தனிக் குவளையை எடுத்துப் பாருங்கள், அப்போதுதான் வியாபாரம் படுக்கும். அங்கே சந்தையே சாதி பக்கம்தான் நிற்கிறது.

ரொம்ப தூரம் போக வேண்டாம், நம்ம கோயம்பேடு ரோகிணி தியேட்டர். 2023 மார்ச் 30, 'பத்து தல' படம். கையில் டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலிலேயே நிறுத்தினார்கள். குழந்தைகளின் வயதுதான் காரணம் என்றது நிர்வாகம். பிறகு உள்ளே விட்டார்கள். அந்தச் சில நிமிஷத்துக்கு எந்தச் சந்தை விலை போடும்?

அரசியலமைப்பின் 15(2)-ஆம் பிரிவு கடை, உணவகம், பொழுதுபோக்கு இடம் என்று பேர் சொல்லியே சாதி, மத பேதத்தைத் தடுக்கிறது. 'கடை' என்ற சொல்லை அம்பேத்கர் 1948-இல் பரந்த பொருளில் விளக்கினார்.

"அப்போ வாடகை வீடு?" என்றான் தம்பி. அந்தப் பட்டியலில் வீடு இல்லை. நானும் டீயைக் குடிக்க ஆரம்பித்தேன்.