கூட்ஸ் வண்டி போகட்டும்

அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கி, தண்டவாளத்தை ஒட்டியே நடந்தால், பாட்டுப் போடும் ஒரு தம்பியின் மாடி அறை வந்துவிடும். உள்ளே இரும்பு பீரோ ஆவென்று திறந்து கிடந்தது. அடுக்கடுக்காக அவன் அம்மாவின் புடவைகள். கதவைச் சாத்தப் போனேன்.

“ஐயோ, மூடாதீங்க சார். அதுதான் நம்ம ஸ்டுடியோ!”

துணி எதிரொலியை விழுங்கிவிடுகிறது. மைக்கை நடுவில் வைத்து, பீரோவைப் பார்த்தபடி நின்று பாடுகிறான் தம்பி.

பகலில் அவனுக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் வேலை. ராத்திரியில் பியானோ. பியானோ என்பது பேச்சுக்குத்தான், இருப்பது 61 கட்டை கீபோர்டு. 88 கட்டை உள்ள அசலை மவுன்ட் ரோடில், 1842-லிருந்து இருக்கும் மியூசி மியூசிக்கல் கடையில் ஒரே ஒருமுறை தொட்டிருக்கிறான். “கட்டை என்னா கனம் சார்! விரல் பாதியிலேயே நின்னுடுச்சு.” அசலில் ஒவ்வொரு கட்டையும் ஒரு சுத்தியலைத் தூக்கிக் கம்பியில் அடிக்க வேண்டும். அந்தப் பளு விரலுக்குத் தெரியும்.

சொல்லித்தர வருபவர் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் வாசிக்கும் மாஸ்டர். நான் போன அன்று சங்கராபரண ஸ்வரங்கள்தான், வெறும் வெள்ளைக் கட்டைகள். வலது கையில் ச ரி க முடிந்ததும், கட்டைவிரலை நடுவிரலுக்கு அடியில் நுழைத்து ம-வைப் பிடிக்க வேண்டும். புறங்கையில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தார் மாஸ்டர். ம வந்தது, நாணயம் விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. எனக்கு இந்த இடம் நன்றாகவே தெரியும். மூன்று மாதம் கற்று நான் விட்டதும் இங்கேதான். என் கீபோர்டின் மேல் இப்போது இஸ்திரித் துணி இருக்கிறது.

“எக்சர்சைஸ்ல பத்து நிமிஷத்துல தூக்கம் வந்துடும் சார். கவர் சாங்னா விடிய விடிய உக்காருவேன்.” இளையராஜா பாட்டென்றால் அவன் முதலில் எடுப்பது மெட்டை அல்ல, பேஸை. அடியில் பேஸ் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும், இடது கைக்கு அதைவிட நல்ல பாடம் ஏது? அவரே மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர்தானே.

வாசித்தது கம்ப்யூட்டர் திரையில் பட்டை பட்டையாக விழுகிறது. எவ்வளவு அழுத்தி வாசித்தான் என்பதற்கு 127 வரை எண். வலது கை 80, 85 என்று ஒழுங்காக இருக்கிறது. இடது கையோ 40, உடனே 112. தாளம் தவறிய பட்டைகளை ஒரே பட்டனில் நேராக்கிவிடலாம். தம்பியின் விரல் அங்கே போவதற்குள் மாஸ்டர் தடுத்தார்: “கையச் சரி பண்ணுடா, படத்த அப்புறம் பாக்கலாம்.”

கவர்களை அவன் வெளியே விடுவதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் வந்த 31சி பிரிவின்படி, பாட்டு முதலில் பதிவாகி ஐந்தாண்டு கழிந்திருக்க வேண்டும், பொதுவாகக் குறைந்தது 50,000 பிரதிக்கு ராயல்டி கட்ட வேண்டும். பீரோ ஸ்டுடியோவுக்குக் கட்டுப்படியாகுமா?

சொந்த டியூன் பிறந்ததும் ஒரு தப்பில்தான். ஒரு கவரில் பேஸ் மறந்துபோய், கைக்கு வந்ததை வாசித்திருக்கிறான். அதே மெட்டு, ஆனால் வேறு யாருடைய வீட்டிலோ உட்கார்ந்திருப்பது போலக் கேட்டது. பேஸை வைத்துக்கொண்டான், மெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தானே ஒன்று போட்டான். எனக்கு வாசித்துக் காட்டினான். பல்லவி நன்றாக இருந்தது. சரணம் இன்னும் பழைய வீட்டை விட்டு வரவில்லை. அதை அவனிடமும் சொன்னேன். “தெரியும் சார்” என்றான்.

கீபோர்டை வயரில் நேராகப் பதிவு செய்யலாம், எந்த நேரமானாலும் சரி. குரலுக்குத்தான் ரயில் வழிவிட வேண்டும். ஹெட்போனை மாட்டி பீரோ முன்னால் நின்றான். ஆவடிப் பக்கமிருந்து ஹாரன் கேட்டது. ஜன்னல் கம்பி அதிரத் தொடங்கியது.

“கூட்ஸ் சார், நேரமாகும்” என்று ஹெட்போனைக் கழற்றி வைத்தான். கீபோர்டு முன்னால் உட்கார்ந்து இடது கையை மட்டும் வாசிக்க ஆரம்பித்தான். மாஸ்டர் பாக்கெட்டில் நாணயத்தைத் தேடினார்.