மார்கழியில் கொல்லிமலை: ஒரே நாளில் போய் வரலாம்

குளிர்காலச் சுற்றுலா என்றால் ஊட்டி, ஏற்காடு என்று கிளம்புகிறவர்கள்தான் அதிகம். நாங்கள் இந்த முறை நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குப் போனோம். காரவள்ளி அடிவாரத்தில் இருந்து மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள்! பாதி மலையிலேயே சின்னவன் எலுமிச்சம்பழத்தை மூக்கைவிட்டு எடுக்கவில்லை. குழந்தைகளோடு போகிறவர்கள் காலை இட்லியைப் பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள். மேலே போய்ப் பிரித்துக்கொள்ளலாம்.

அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு ஆகாய கங்கை அருவிக்கு இறங்க வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். மழைக்காலம் முடிந்த கையோடு போனதால் தண்ணீருக்குக் குறைவில்லை. இறங்கும்போது ஒன்றும் தெரியாது, ஏறும்போதுதான் முழங்கால் பேசும்.

மாமியாருக்கு 68 வயது. அவரால் இறங்க முடியாது, தனியாக விடவும் மனசில்லை. இப்படிப்பட்ட இடங்களில் துணைக்கு உட்காருவது எப்போதும் மருமகள்தானே? பையை வாங்கிக்கொண்டு நான் உட்காரப் போனேன். "நீ போம்மா, அவன் இருக்கட்டும்" என்றார் மாமியார். கணவர் கோயில் வாசலில் உட்கார்ந்தார். நானும் பிள்ளைகளும் இறங்கினோம். சாரல் முகத்தில் பட்டதுமே பல் தந்தியடித்தது. அரை மணி நேரம் யாரும் அசையவில்லை.

ஈரத் தலையோடு மூச்சிரைக்க ஏறி வந்தபோது மாமியார் தன் சால்வையை எடுத்துப் போர்த்திவிட்டு, "தண்ணி எப்படி விழுது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

சோளக்காட்டில் மிளகும் மலைவாழைப்பழமும் வாங்கிக்கொண்டு நாலு மணிக்கே இறங்கிவிட்டோம். மார்கழியில் சீக்கிரம் இருட்டிவிடும். பனி இறங்கினால் அடுத்த வளைவு கண்ணுக்குத் தெரியாது.