மூலைக் குதிரை

சதுரங்கத்தில் நடுவில் நிற்கும் குதிரைக்கு எட்டு வழிகள். மூலையில் நிற்பதற்கு இரண்டே. அதனை உடனே வெட்ட விரைவான் கற்றுக்குட்டி. தேர்ந்தவனோ அவ்விரு வழிகளையும் காவலிட்டு, மறுபுறத்தில் ஒரு காய் மிகுந்தவனாய்ப் போரிடுவான். 1972இல் ரெய்க்யாவிக்கில் பிஷரின் மந்திரி விளிம்புக் காலாளை வெட்டியது. ஸ்பாஸ்கி ஒரு காலாளை ஒரேயொரு கட்டம் நகர்த்தினார். மந்திரி சிறைப்பட்டது, ஆட்டமும் அவருடையதாயிற்று.

பசறைப் பகுதித் தோட்டமொன்றின் லயத்தில் எனக்கு இவ்வாட்டத்தைக் கற்பித்த பாட்டனார், மூலைக் குதிரையைக் காட்டி, “இது நாங்கள்தான்” என்பார். மிகையென்று நான் கருதவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றோராக்கிற்று. மறு ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. எவரையும் வெட்டவில்லை, வழிகளைத்தான் அடைத்தனர். கொழுந்து மட்டும் நாள்தோறும் தராசுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே பாட்டனார் முதன்முறையாக வாக்களித்தார். அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது.