கட்டு மாற்றும் நேரத்துப் பாட்டு

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் நண்பர்தான் முதலில் சொன்னார்: "பாடிக்கிட்டே கட்டு மாத்துற சிஸ்டர் ஒருத்தங்க இருக்காங்க. வந்து பாருங்க." வேலூர்ப் பக்கம் நர்ஸ் பாடுவது புதிதல்ல. ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையில் கிறிஸ்துமஸ் சமயம் செவிலிய மாணவிகள் வார்டு வார்டாகக் கேரல் பாடிப் போவார்கள். ஆனால் அது வழிபாடு. ரணத்துக்கு மேலே கை வேலை செய்யும்போதே பாடுவதைத்தான் பார்க்கப் போனேன்.

சிஸ்டர் குடியாத்தத்துக்காரர். ஐம்பதை நெருங்குகிறார். பெயர் போடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அம்மா பீடி சுற்றியவர். மடியில் முறத்தோடு தெருப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பாட, அந்தத் தாளத்தில் இலை சுருளுமாம். "பாட்டு நின்னா கையும் நின்னுடும் சார்."

கட்டிலில் இருந்தவர் தோல் ஷாப்பு (தோல் பதனிடும் ஆலை) தொழிலாளி. ரோலரில் கை போய், மூன்று விரல்களில் தோல் உரிந்திருந்தது. வலி ஊசி போட்டு அரை மணி கழித்துத்தான் சிஸ்டர் கட்டைத் தொட்டார். ஊசிக்குப் பதில் பாட்டு என்று யாராவது சொன்னால் அடிக்க வருவார் போலிருக்கிறது. ஒட்டிக்கொண்ட காஸின் மேல் சலைன் ஊற்றி ஊற விட்டார். "என்னா பாட்டுண்ணே வேணும்?" நாகூர் ஹனீபா பாட்டு கேட்டார் அவர். பொட்டு வைத்த சிஸ்டர் ஹனீபாவைப் பாட, பக்கத்துக் கட்டில் பாய் ஒரு வரியைத் திருத்தினார்.

சிஸ்டர் பாட்டை வேண்டுமென்றே இழுத்துப் பாடினார். காயம்பட்டவரும் கூடவே முனகினார். வரி நீள நீள அவர் நெஞ்சு தாழ்ந்தது. அந்த நேரத்தில் காஸின் ஓரம் ஒரு விரற்கடை மேலே வந்தது. அவர் மூச்சு இழுக்க நிறுத்தினால் சிஸ்டரின் கையும் நின்றது. "பாட்டு எனக்கில்ல சார். அவர் மூச்சு எங்க இருக்குதுன்னு தெரிஞ்சிக்கத்தான்." இயர்போன் கொடுப்பதில்லை, மாட்டிக்கொண்டால் இவர் சொல்வது காதில் விழாது.

குரலும் ஊதுகருவியும் தந்தியும் நோயாளிக்கு இதம், விட்டுவிட்டு ஒலிக்கும் பியானோ ஆகாது என்று ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அப்போதே எழுதியிருக்கிறார். 73 ஆய்வுகளைத் திரட்டி 2015-ல் லான்செட்டில் வந்த கட்டுரை, இசை கேட்டவர்களுக்கு அறுவைக்குப் பின் வலியும் பதற்றமும் குறைந்தன, வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது என்றது. எந்த நோய்க்கு எந்த ராகம் என்ற பட்டியலையும் ஒருவர் என் கையில் திணித்தார். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. சிஸ்டருக்கும் இல்லை.

அவர் கவலை வேறு. இப்போது தோல் ஷாப்புகளுக்கு வடக்கத்திப் பையன்கள் வருகிறார்கள். அவர்களுக்குத் தமிழ்ப் பாட்டு தெரியாது. ஒரு வங்காளிப் பையனுக்காகத் தாலாட்டு ஒன்றை போனில் கேட்டு மெட்டை மட்டும் பிடித்துவைத்திருக்கிறார்.

விரல் உரிந்தவரின் கேஸ் ஷீட்டில் 'பைக்கில் விழுந்தது' என்று இருந்தது. கூட வந்திருந்த காண்ட்ராக்ட் மேஸ்திரி சொல்லி எழுதவைத்தது. சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார்: "ரோட்ல விழுந்த காயத்துல மண்ணு இருக்கும் சார்." தொழிலாளர் காப்பீட்டுக்கான ஈ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறதா என்று காயம்பட்டவரைக் கேட்டேன். அவர் மேஸ்திரியைப் பார்த்தார்.

மாதம் 12,000 ரூபாய்க் கூலி என்றால் ஈ.எஸ்.ஐ.க்கு முதலாளி கட்டவேண்டியது 3.25 சதவீதம், 390 ரூபாய். தொழிலாளி பங்கு 90. இதைக் கட்டியிருந்தால் சிகிச்சை இலவசம். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம் கைக்கு வரும். காண்ட்ராக்ட் ஆள் என்றாலும் முதல் பொறுப்பு கம்பெனிக்குத்தான் என்கிறது சட்டம். 390 ரூபாயை மிச்சம் பிடிக்க ஒரு மனிதனின் கையையே கணக்கிலிருந்து அடிக்கிறார்கள். நடுவில் நிற்கும் மேஸ்திரிக்கு ஆள் கணக்கில் கமிஷன். விபத்து வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வதும் அந்தக் கமிஷனுக்குள் அடக்கம்.

அன்றைய பில்லை மேஸ்திரிதான் கட்டினார். வாராவாரம் கூலியில் பிடித்துக்கொள்வாராம்.