கொழுக்குமலை ஜீப்பும் 10,000 ரூபாய் அட்வான்ஸும்

பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்புல காலேஜ் கேட் முன்னாடி கெத்தா வந்து இறங்கணும்னு உங்க ஹாஸ்டல்லயும் ஒரு குரூப் கனவு கண்டுக்கிட்டு இருக்கும். பாஸ், காசை எடுத்து நீட்டறதுக்கு முன்னாடி ஒரு நடை கொழுக்குமலைக்குப் போயிட்டு வாங்க.

என்னை அங்கே அனுப்பி வெச்ச புண்ணியவான் போடியில இருக்கற சித்தப்பா. மலை மேல ஏலத்தோட்டம். அதுக்காக ஒரு பழைய மஹிந்திரா ஜீப்பை 2 லட்சத்துக்குப் பேசி, 10,000 அட்வான்ஸும் கொடுத்துட்டார். ''நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே, வந்து பார்த்துச் சொல்லு''ன்னு போன். தெர்மோடைனமிக்ஸ்ல நமக்கு அரியர் இருக்கற மேட்டர் அவருக்குத் தெரியாது! வண்டி பார்க்கறதுக்கு முதல் நாள், சும்மா ஒரு ரவுண்டு கொழுக்குமலை.

இந்த ஊர் கூத்தே தனி. எஸ்டேட் இருக்கறது நம்ம தேனி மாவட்டம். ஆனா, ஜீப் ரோடு கேரளா வழியாத்தான். போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறினா போடிமெட்டு. அப்புறம் பூப்பாறை, சூரியநெல்லி. அங்கே ஜீப்புக்கு மாறணும். விடிகாலை நாலரை மணி, பல்லெல்லாம் தந்தி அடிக்குது.

தார் ரோடு முடிஞ்ச இடத்துல டிரைவர் அண்ணன் வண்டியை நிறுத்தி இறங்கினார். முன் சக்கரம் ரெண்டுலயும் நடுவுல இருந்த லாக்கைத் திருகினார். ஏறி உட்கார்ந்து, கியர் ராடு பக்கத்துல இருந்த குட்டி லீவரை இழுத்தார்.

''இதைக் கிளம்பும்போதே போட்டிருக்கலாமேண்ணே?''

''தார் ரோட்டுல போட்டு ஓட்டுனா வண்டி செத்துரும் தம்பி.''

வளைவுல திரும்பும்போது முன் சக்கரம் கொஞ்சம் அதிக தூரம் சுத்தி வரும், பின் சக்கரம் குறுக்கே வந்துரும். அந்த லீவரைப் போட்டுட்டா முன்னும் பின்னும் ஒரே வேகத்துல சுத்தியே ஆகணும். மண்ணுல டயர் லேசா வழுக்கி சமாளிச்சுக்கும். தார்ல வழுக்காது. அந்த முறுக்கு மொத்தமும் ஜாயின்ட் கிராஸ், கியர் பல்லு தலையில விழும். முன்னாடி புது டயர், பின்னாடி மொட்டை டயர் போட்டு ஓட்டினாலும் இதே கதைதான். நாலு செமஸ்டர்ல மண்டையில ஏறாதது, குலுங்கின குலுக்கல்ல ஏறிடுச்சு!

மேல... கிட்டத்தட்ட 8,000 அடி. காலுக்குக் கீழே மேகம், அதுக்குள்ளேயிருந்து சூரியன். பழைய ஃபேக்டரியில ஒரு டீ. எல்லாரும் போட்டோ எடுக்க, அண்ணன் மட்டும் வண்டிக்கு அடியில தலையை விட்டு ஸ்பிரிங் பட்டையைத் தடவிக்கிட்டு இருந்தார். சித்தப்பா கதையைச் சொன்னேன்.

''பெயின்ட்டைப் பார்க்காத தம்பி. அடியில படு. சேஸிஸ்ல வெல்டிங் இருக்கா, பட்டை ஒடைஞ்சிருக்கான்னு பாரு. கிரவுன் ஆயில் பால் காபி நிறத்துல வந்தா, தண்ணி போயிருக்குன்னு அர்த்தம். அப்புறம் அந்தக் குட்டி லீவரைப் போட்டு மண்ணுல ஓட்டு. வருஷக்கணக்கா தொடாம விட்டாத்தான் அது இறுகும். எங்களுக்கு தினம் வேலை, அதான் ஓடுது.''

இறங்கும்போது லோ கியர்லயே உருட்டிக்கிட்டு வந்தார். பிரேக்கை அவ்வளவாத் தொடவே இல்லை.

மறுநாள் போடி. வண்டி பளபளன்னு நின்னுச்சு. புது பெயின்ட், புது சீட், பாட்டு பாக்ஸ் வேற. ஆர்.சி.யில சேஸிஸ் நம்பர் சரி. 15 வருஷம் தாண்டின வண்டியாச்சே, எஃப்.சி. காட்டி புதுப்பிச்ச தேதியும் சரி. சித்தப்பா முகத்துல ஆயிரம் வாட்ஸ் பல்பு. குட்டி லீவரைப் பிடிச்சேன். ம்ஹூம், அசையலை. சட்டையைப் பத்திக் கவலைப்படாம அடியில படுத்தேன். முன் சக்கரத்துக்குப் போற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டையே காணோம்!

''அது எதுக்கு தம்பி, சும்மா டீசல் குடிக்கும்னு கழட்டி வெச்சோம்''னார் விற்கறவர், கூலா. எங்கேன்னு கேட்டா, பழைய இரும்புக்குப் போயிடுச்சாம்.

''வேண்டாம் சித்தப்பா''ன்னேன். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டதுக்கு, ''பேச்சுன்னா பேச்சுதான்''னுட்டார் அந்த ஆள். 10,000 கோவிந்தா. சித்தப்பா வீடு வர்ற வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. சித்திதான் சாப்பாடு போட்டாங்க.

போன ஞாயித்துக்கிழமை காலையில போன். ''கம்பத்துல ஒரு வண்டி நிக்குதாம்டா. பழைய சட்டையா எடுத்துட்டு வா.''